குறியீட்டை அவிழ்த்தவர் நைரன்பர்க் என்றால், குரானா செய்தது என்ன?

கேள்வியில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. மரபணுக் குறியீட்டின் (ஆர்என்ஏவின் மூன்றெழுத்துச் சொல் ஒவ்வொன்றும் புரதத்தின் எந்த அமினோ அமிலத்தைக் குறிக்கிறது என்ற அகராதியின்) முதல் சொல்லைப் படித்தவர் நைரன்பர்க் என்றால், 1968 நோபல் பரிசில் ஹர் கோவிந்த் குரானாவுக்கு எதற்குப் பங்கு? டிஎன்ஏவின் ஒரு பகுதியைப் பல மடங்கு பிரதியெடுக்கும் பிசிஆர் முறையை, அதற்காக நோபல் பெற்ற கேரி முல்லிஸுக்கு முன்பே குரானா கண்டுபிடித்துவிட்டார் என்கிறார்களே, அது உண்மையா? பரிசு வாங்கியபின் மரபணுவை விட்டுவிட்டு ஏன் சவ்வுப் புரதம், கண் நிறமி என்று போனார்?

மூன்றுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. குரானா அடிப்படையில் கரிம வேதியியல்காரர். ஒரு மூலக்கூறு எப்படி வேலை செய்கிறது என்று உயிரியலாளர்கள் மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்தபோது, அதைக் கண்ணாடிக் குடுவையில் தானே செய்துவிட முடியுமா என்று பார்த்தவர். அவருடைய அறுபதாண்டு வேலையை இந்த ஒரு பழக்கத்தை வைத்தே படித்துவிடலாம்.

இளமைக்காலத்தை வேகமாகக் கடந்துவிடுகிறேன், அது எல்லா இடத்திலும் கிடைக்கிறது. இன்று பாகிஸ்தானில் இருக்கும் முல்தானுக்கு அருகே ராய்ப்பூர் என்ற சிற்றூர். பிறந்த நாள் ஆவணங்களின்படி 9 ஜனவரி 1922. அப்பா கிராம வரிக்கணக்கர். சுமார் நூறு பேர் வாழ்ந்த அந்த ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்த குடும்பம் அவர்களுடையது மட்டும்தான். லாகூரில் எம்.எஸ்சி. முடித்து, இந்திய அரசின் உதவித்தொகையில் 1945-இல் லிவர்பூல் போனார். 1948-இல் முனைவர் பட்டம்.

அடுத்து வருவது முக்கியமான வருடம். சூரிச்சில் விளாடிமிர் பிரெலோக்கின் ஆய்வகத்துக்குப் போனார். உதவித்தொகை கிடையாது, கையிருப்பை வைத்துக்கொண்டு ஓட்டினார். அங்கே நூலகத்தில் பழைய ஜெர்மன் வேதியியல் இதழ்களைப் புரட்டும்போது கார்போடைமைடு என்ற சேர்ம வகை அவர் கண்ணில் பட்டது. அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத பொருள். இரண்டு மூலக்கூறுகளுக்கு நடுவிலிருந்து ஒரு நீர் மூலக்கூறை உறிஞ்சி எடுத்து அவற்றை ஒட்ட வைக்கும் தன்மை அதற்கு உண்டு. டிஎன்ஏ சங்கிலியின் கண்ணியான ஒரு நியூக்ளியோடைடும் அடுத்ததும் சேரும் இடத்திலும் போவது அதே ஒரு நீர் மூலக்கூறுதான். அந்தப் பயன்பாடு பிறகுதான் வந்தது. ஆனால் கையில் கருவி வந்துவிட்டது.

1949-இல் இந்தியா திரும்பினார், வேலை கிடைக்கவில்லை. மறுபடி இங்கிலாந்து, கேம்பிரிட்ஜில் கென்னர், டாட் ஆகியோருடன் 1952 வரை. நியூக்ளியோடைடு வேதியியலில் அன்று டாட்டின் ஆய்வகத்தை மிஞ்ச ஆள் இல்லை. 1952-இல் கனடாவின் வான்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியா ஆராய்ச்சிக் கவுன்சில் அழைத்தது. வசதி சொற்பம், சுதந்திரம் எவ்வளவு வேண்டுமானாலும் உண்டு என்று சொல்லித்தான் அழைத்தார்களாம். 1959-இல் அங்கிருந்து, ஜான் மொஃபாட்டுடன் சேர்ந்து கோஎன்சைம்-ஏ என்ற சிக்கலான மூலக்கூறை முழுக்கச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டினார். செல்லின் வளர்சிதை மாற்றத்தில் பல இடங்களில் தேவைப்படும் பொருள் அது. அதுவரை ஈஸ்டிலிருந்து பாடுபட்டுப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. உயிர்வேதியியல்காரர்கள் குரானாவைத் திரும்பிப் பார்த்தது அப்போதுதான். 1960-இல் அமெரிக்காவின் மேடிசனுக்கு, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் நொதி ஆய்வு நிறுவனத்துக்கு மாறினார்.

குறியீட்டுக்குள் போகுமுன், அன்று சின்னதாக ஒரு டிஎன்ஏ துண்டு செய்வது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லியாக வேண்டும். இது புரியாவிட்டால் அவர் பங்கும் புரியாது.

ஒரு நியூக்ளியோடைடில் வினை புரியக்கூடிய இடங்கள் பல. சர்க்கரையில் ஹைட்ராக்சில், அதோடு இணைந்த பாஸ்பேட், நாம் 'எழுத்து' என்று சொல்லும் காரப் பகுதியின் மேல் அமினோ தொகுதி. இரண்டை ஒரு குடுவையில் போட்டு ஒட்டவைக்கும் பொருளையும் ஊற்றினால், எது எதோடு ஒட்டும் என்று சொல்ல முடியாது. கலவைக் கூழ்தான் மிஞ்சும். அதனால் ஒட்டக்கூடாத இடத்திலெல்லாம் முதலில் மூடி போட வேண்டும். ஒட்டியபின், ஒட்டிய இணைப்பு பிய்ந்துவிடாமல் மூடியை மட்டும் கழற்ற வேண்டும். அடுத்ததைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு படி முடிந்ததும் வீணானதிலிருந்து சரியானதைப் பிரித்தெடுக்க வேண்டும். எந்த இடத்துக்கு எந்த மூடி, எந்த அமிலத்தில் அது கழன்று வரும், எந்தக் காரத்தில் தாங்கும் என்று குரானாவின் குழு ஆண்டுக்கணக்கில் தேடியது. அவர்கள் கொண்டுவந்த மூடிகளில் ஒன்று டைமெத்தாக்சிட்ரைட்டில் தொகுதி. அமிலம் பட்டால் கழன்று வந்து கரைசலை ஆரஞ்சு நிறமாக்கும். இன்று டிஎன்ஏ தயாரிக்கும் தானியங்கி இயந்திரங்களிலும் ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஆரஞ்சு நிறம் வருகிறது. நிறத்தின் அடர்த்தியை அளந்துதான் அந்தச் சுற்று சரியாக நடந்ததா என்று பார்க்கிறார்கள்.

விளைச்சல் கணக்கு இன்னொரு தலைவலி. ஒரு படியில் 90 சதவீதம் வெற்றி என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 20 எழுத்துத் துண்டுக்கு 19 இணைப்பு வேண்டும். 19 முறை 0.9-ஆல் பெருக்கிப் பாருங்கள், கடைசியில் கையில் நிற்பது சுமார் 13 சதவீதம். 99 சதவீதம் என்றால் 82-க்கு மேல் நிற்கும். அன்றைய முறைகளில் இரண்டாவது கணக்கு கனவில்தான். மாதக்கணக்கில் உழைத்தால்தான் சில எழுத்துகள் கொண்ட துண்டு கிடைக்கும்.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம்.

1961-இல் மார்ஷல் நைரன்பர்க்கும் ஹைன்ரிக் மத்தாயும் ஈ.கோலை பாக்டீரியாவை அரைத்தெடுத்த சாற்றில் யூராசில் மட்டுமே கொண்ட ஆர்என்ஏவைப் போட்டார்கள். ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தால் மட்டுமே ஆன சங்கிலி வந்தது. அதாவது யு-யு-யு என்றால் ஃபினைல்அலனின். குறியீட்டின் முதல் சொல் படிக்கப்பட்டுவிட்டது. இந்தப் பெருமை முழுக்க அவர்களுக்குரியது, குரானாவுக்கு இதில் பங்கில்லை.

சிக்கல் அதற்குப் பிறகு. ஆர்என்ஏவின் எழுத்துகள் யு, சி, ஏ, ஜி என்று நான்கு, எனவே ஒரே எழுத்தால் ஆன ஆர்என்ஏ நான்குதான் இருக்க முடியும். மற்றவற்றைப் படிக்க இரண்டு எழுத்துகளைக் கலந்தார்கள். நைரன்பர்க்கின் குழுவும் செவெரோ ஓச்சோவாவின் குழுவும் போட்டிபோட்டுக்கொண்டு செய்தன. ஆனால் நொதி அந்த எழுத்துகளை இஷ்டத்துக்குக் கோத்துவிடும். விகிதத்தை வைத்து "செரினின் சொல்லில் இரண்டு யு-வும் ஒரு சி-யும் இருக்கிறது" என்று சொல்லலாம். அது யு-யு-சி-யா, யு-சி-யு-வா, சி-யு-யு-வா? தெரியாது. எழுத்துகள் தெரிந்தன, அவற்றின் வரிசைதான் பிடிபடவில்லை.

எழுத்துகளைத் தாம் விரும்பிய வரிசையில் கோக்கத் தெரிந்த ஆய்வகம் குரானாவுடையது. அவர்கள் செய்ததைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம்.

முதலில் வேதியியல் முறையில் டி-சி-டி-சி என்று மாறி மாறி வரும் சின்ன டிஎன்ஏ துண்டு, அதற்கு இணையாக ஜி-ஏ-ஜி-ஏ துண்டு (டிஎன்ஏவில் யு-வின் இடத்தில் டி; ஏ-யோடு டி அல்லது யு-வும், ஜி-யோடு சி-யும் ஜோடி சேரும்). இரண்டையும் சேர்த்து ஆர்தர் கோர்ன்பெர்க் கண்டுபிடித்த டிஎன்ஏ பாலிமரேஸிடம் கொடுத்தால், அது அதே வரிசையை நீட்டி நீளமான இரட்டைச் சங்கிலியாக்கித் தரும். கைவேலை சிறிதளவு, மீதியை நொதி பார்த்துக்கொள்ளும். பிறகு டிஎன்ஏவைப் பார்த்து ஆர்என்ஏ எழுதும் நொதியான ஆர்என்ஏ பாலிமரேஸ். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இருக்கிறது. யு-வும் சி-யும் மட்டும் ஊற்றினால், நொதியால் ஜி-ஏ இழையை மட்டுமே படியெடுக்க முடியும். யு-சி-யு-சி ஆர்என்ஏ வரும். ஏ-யும் ஜி-யும் ஊற்றினால் எதிர் இழையைப் படியெடுத்து ஏ-ஜி-ஏ-ஜி தரும். எந்த இழை வேண்டும் என்பதைக் குடுவையில் எதை ஊற்றாமல் விடுகிறோம் என்பதை வைத்தே முடிவு செய்தார்கள்.

யு-சி-யு-சி-யு-சி-யை மூன்று மூன்றாகப் பிரித்தால் யு-சி-யு, சி-யு-சி, யு-சி-யு, சி-யு-சி. இரண்டு சொற்கள் மாறி மாறி. பாக்டீரியாச் சாற்றில் போட்டபோது செரினும் லியூசினும் மாறி மாறி வரும் சங்கிலி வந்தது. இதிலேயே இன்னொரு சான்றும் கிடைத்துவிடுகிறது: சொல் இரண்டு எழுத்தாகவோ நான்கு எழுத்தாகவோ இருந்திருந்தால் ஒரே அமினோ அமிலம்தான் திரும்பத் திரும்ப வந்திருக்கும். ஒற்றைப்படை எண்ணாக இருந்தால் மட்டுமே இரண்டு மாறி மாறி வரும். மூன்றெழுத்து என்று கிரிக்கும் பிரென்னரும் 1961-இல் வைரஸ் மரபியல் வழியாகக் காட்டியிருந்தார்கள். இங்கே அது வேதியியலாக வந்து நின்றது.

ஆனால் யு-சி-யு செரினா, சி-யு-சி செரினா? இந்தச் சங்கிலி மட்டும் பதில் சொல்லாது. அதற்கு மூன்றெழுத்து மீளும் ஆர்என்ஏக்கள். வேறொரு ஜோடியில் இது அழகாக விழும். ஏ-சி-ஏ-சி கொடுத்தால் த்ரியோனினும் ஹிஸ்டிடினும் வருகின்றன. சொற்கள் ஏ-சி-ஏ, சி-ஏ-சி. சி-ஏ-ஏ-சி-ஏ-ஏ கொடுத்தால் படிக்கத் தொடங்கும் இடத்தைப் பொறுத்து சி-ஏ-ஏ, ஏ-ஏ-சி, ஏ-சி-ஏ. கிடைப்பவை குளுட்டமின், அஸ்பராஜின், த்ரியோனின். இரண்டிலும் பொதுவான சொல் ஏ-சி-ஏ, பொதுவான அமினோ அமிலம் த்ரியோனின். ஆக ஏ-சி-ஏ என்றால் த்ரியோனின். கூடவே சி-ஏ-சி ஹிஸ்டிடின் என்பதும் உறுதி.

பாடநூல்கள் பொதுவாக இந்த இடத்தோடு நிறுத்திவிடுகின்றன, எல்லாம் இப்படித்தான் தீர்ந்தது போல. தீரவில்லை. யு-சி ஜோடிக்கே இதைச் செய்து பாருங்கள்: யு-யு-சி மீளும் ஆர்என்ஏ தருபவை ஃபினைல்அலனின், செரின், லியூசின். பொதுவான சொல் யு-சி-யு ஒன்றுதான். ஆனால் செரின், லியூசின் இரண்டுமே பொதுவாக வந்துவிட்டன, ஏனென்றால் லியூசினுக்குப் பல சொற்கள் உண்டு. புதிர் அப்படியே நிற்கிறது. இந்த மாதிரி இடங்களைத் தீர்க்க 1964-இல் நைரன்பர்க்கும் பிலிப் லீடரும் கொண்டுவந்த முறை தேவைப்பட்டது: மூன்றே எழுத்து ஆர்என்ஏ ஒன்றை, செல்லில் புரதம் கோக்கும் இடமான ரைபோசோமோடு சேர்த்தால், அதற்குரிய அமினோ அமிலத்தைச் சுமக்கும் கடத்து ஆர்என்ஏ வந்து ஒட்டிக்கொள்ளும், வடிதாளில் எது தங்குகிறது என்று பார்த்தால் போதும். அதற்கு 64 மூன்றெழுத்துத் துண்டுகளும் வேண்டும். குரானாவின் குழு 64-ஐயும் வேதியியல் முறையில் செய்து முடித்தது. நைரன்பர்க் முறையில் சில சொற்கள் தெளிவில்லாமல் ஒட்டின, அங்கே குரானாவின் நீள ஆர்என்ஏக்கள் கைகொடுத்தன. ஒன்று தடுமாறிய இடத்தை மற்றது நிரப்பியது.

நான்கெழுத்து மீள்வரிசைகளும் செய்தார்கள். யு-ஏ-யு-சி என்ற வரிசை டைரோசின், லியூசின், செரின், ஐசோலியூசின் என்று நான்கும் சுழற்சியாக வரும் சங்கிலியைத் தந்தது. ஆனால் ஜி-யு-ஏ-ஏ கொடுத்தபோது நீண்ட சங்கிலியே வரவில்லை. அதற்குள் யு-ஏ-ஏ ஒளிந்திருக்கிறது. அது நிறுத்தச் சொல். சங்கிலி தொடங்கிய கொஞ்ச தூரத்திலேயே அறுந்து போகிறது. மரபியலாளர்கள் பிறழ்வுகளை வைத்து ஊகித்த முற்றுப்புள்ளி, கையால் செய்த ஆர்என்ஏவிலும் அதே இடத்தில் வந்து நின்றது.

1966-இல் அட்டவணை கிட்டத்தட்ட முழுமையானது. 1968 பரிசு நைரன்பர்க், குரானா, ராபர்ட் ஹாலி மூவருக்கும். ஹாலி ஈஸ்டின் அலனின் கடத்து ஆர்என்ஏவை 1965-இல் முழுக்கப் படித்துச் சொன்னவர், 77 எழுத்துகள். அந்த 77-ஐ நினைவில் வையுங்கள்.

ஏனென்றால் குரானா அடுத்து எடுத்தது அதைத்தான். அன்று வரிசை முழுக்கத் தெரிந்த மரபணுக்கள் இல்லை. ஆனால் ஹாலியின் ஆர்என்ஏ வரிசை தெரிந்தால் அதற்குரிய டிஎன்ஏ வரிசையைத் திருப்பி எழுதிவிடலாம். 77 எழுத்து இரட்டைச் சங்கிலியை ஒரே மூச்சில் வேதியியலால் செய்வது நடக்காத காரியம் என்று மேலே சொன்ன விளைச்சல் கணக்கே சொல்லிவிடும். எனவே 5 முதல் 20 எழுத்து வரையிலான 15 துண்டுகளாகச் செய்தார்கள். ஒரு துண்டின் முனை எதிர் இழையில் இரண்டு துண்டுகளுக்கு நடுவே பாலம்போல் படியும்படி வெட்டுகளை மாற்றி மாற்றி வைத்தார்கள். அவை தாமாக ஜோடி சேர்ந்து வரிசையில் நின்றதும், 1967-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டிருந்த டிஎன்ஏ லைகேஸ் நொதி இடைவெளிகளை ஒட்டியது. 1970-இல் அறிவித்தார்கள். உலகில் முழுக்கக் கையால் செய்யப்பட்ட முதல் மரபணு. அதே வருடம் எம்.ஐ.டி.க்கு மாறினார்.

அந்த மரபணு செல்லுக்குள் வேலை செய்யாது, தொடக்க சமிக்ஞையும் முடிவு சமிக்ஞையும் அதில் இல்லை. அதற்காகவே ஈ.கோலையின் ஒரு டைரோசின் கடத்து ஆர்என்ஏ மரபணுவை எடுத்தார்கள், இம்முறை சமிக்ஞைகளோடு, 207 எழுத்து ஜோடிகள். இது சாதாரண கடத்து ஆர்என்ஏ இல்லை. யு-ஏ-ஜி என்ற நிறுத்தச் சொல்லை டைரோசின் என்று "தவறாக"ப் படிக்கும் வகை. நடுவில் யு-ஏ-ஜி விழுந்து முடங்கிப்போன ஒரு வைரஸ், இந்தச் செயற்கை மரபணு உள்ளே இருந்தால் மட்டும் பிழைத்து வளரும். 1976-இல் வளர்ந்தது.

இனி பிசிஆர். 1971-இல், "பாலிநியூக்ளியோடைடு ஆய்வுகள்" என்று எண் போட்டு வந்துகொண்டிருந்த குரானாவின் கட்டுரை வரிசையில் 96-ஆவதாக, ஷெல் க்ளெப்பெ (Kjell Kleppe) என்ற நார்வேக்காரரை முதல் ஆசிரியராகக் கொண்ட ஒரு கட்டுரை வந்தது. கடைசிப் பகுதியில் ஒரு யோசனை: இரட்டைச் சங்கிலியைச் சூடாக்கிப் பிரித்து, இரு இழைகளுக்கும் இரண்டு பிரைமர்களை (பிரதி தொடங்க வேண்டிய இடத்தில் ஒட்டும் சின்ன டிஎன்ஏ துண்டுகளை) சேர்த்து, குளிரவைத்து, பாலிமரேஸைப் போட்டால் இரண்டு பிரதி கிடைக்கும், ஒவ்வொரு முறையும் நொதியைப் புதிதாகச் சேர்த்துத் திரும்பச் செய்யலாம். இன்று பிசிஆர் செய்யும் எவர் படித்தாலும் திடுக்கிடுவார்கள். 1980-களின் கடைசியில் டூபான்ட் நிறுவனம், பிசிஆர் காப்புரிமை வைத்திருந்த சீட்டஸை எதிர்த்து இந்தக் கட்டுரையைக் காட்டித்தான் வழக்காடியது. 1991-இல் தீர்ப்பு சீட்டஸ் பக்கம் போனது.

என் கருத்து: யோசனை குரானாவின் ஆய்வகத்தில் இருந்தது, பிசிஆர் அங்கே இல்லை. பிரதியெடுக்க வேண்டிய இடத்தின் வரிசை தெரிந்தால்தானே பிரைமர் எழுத முடியும்? எளிதாக வரிசை படிக்கும் முறைகள் 1977-இல்தான் வந்தன. பிரைமர் செய்வதே பல மாத வேலை. கையில் ஏற்கெனவே தாமே செய்த மரபணு இருக்கிறது, அதைக் கொஞ்சம் பெருக்கிக்கொள்ள ஒரு வழி, அவ்வளவுதான் அவர்களுக்கு அது. மனித டிஎன்ஏ முழுவதிலிருந்தும் ஒரு சின்ன இடத்தை மட்டும் தேடிப் பிடித்துப் பல லட்சம் மடங்கு பெருக்கலாம் என்று 1983-இல் யோசித்தவர் கேரி முல்லிஸ். 1993-இல் முல்லிஸோடு வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டவர் மைக்கேல் ஸ்மித். வான்கூவரில் குரானாவிடம் டிஎன்ஏ வேதியியல் பழகியவர், மரபணுவில் விரும்பிய ஓர் எழுத்தை மட்டும் மாற்றும் முறையைக் கொண்டுவந்தவர். பிரைமரை இணையத்தில் ஆர்டர் செய்தால் இரண்டொரு நாளில் வந்துவிடுகிறதே, அதற்குக் காரணமான ஃபாஸ்ஃபோரமிடைட் முறையை 1981-இல் கொண்டுவந்த மார்வின் கரூதர்ஸும் குரானாவின் மரபணுக் குழுவில் இருந்தவர். பிசிஆருக்கு வேண்டிய முக்கியமான பொருளை எளிதாக்கியது குரானாவிடம் பழகியவர்களின் பரம்பரை என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

மூன்றாவது கேள்வி. 1970-களின் நடுவில் குரானா செல்லின் சவ்வில் பதிந்திருக்கும் சவ்வுப் புரதங்கள் பக்கம் திரும்பினார். முதலில் பாக்டீரியோரொடாப்சின்: உப்பளங்களில் வாழும் ஒரு நுண்ணுயிரின் ஊதாநிறப் புரதம், ஒளி பட்டால் புரோட்டானைச் சவ்வின் வெளியே தள்ளும். 248 அமினோ அமிலங்கள், சவ்வை ஏழு முறை குறுக்கே கடக்கும் சங்கிலி. 1979-இல் வரிசை வந்தது. பிறகு அதில் ஒவ்வொரு அமினோ அமிலமாக மாற்றி மாற்றிப் பார்த்து, 85, 96 ஆகிய இடங்களில் உள்ள அஸ்பார்டிக் அமிலங்கள்தான் புரோட்டானைக் கைமாற்றிவிடும் முக்கியப் படிகள் என்று தேற்றினார்கள். அடுத்து, நம் கண்ணில் மங்கல் வெளிச்சத்தைப் பிடிக்கும் ரொடாப்சின். வயது அறுபதைத் தாண்டியபின் புதுத் துறையில் மாணவரைப்போல் இறங்கியவர், 2011 நவம்பர் 9-இல் இறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை அதிலேயே இருந்தார்.

மரபணுவை விட்டுவிட்டாரா? 1986-இல் வந்த மாட்டு ரொடாப்சின் கட்டுரையைப் பாருங்கள். இயற்கை மரபணுவை எடுத்துத் திருத்துவதற்குப் பதில் 1057 எழுத்து ஜோடி கொண்ட முழு மரபணுவையும் புதிதாகவே செய்திருக்கிறார்கள். அமினோ அமில வரிசை மாறவில்லை. ஆனால் ஒரே அமினோ அமிலத்துக்குப் பல சொற்கள் உண்டு என்பதைப் பயன்படுத்தி, வெட்டு நொதிகள் வெட்டக்கூடிய இடங்களைச் சீரான இடைவெளியில் இருபதுக்கும் மேல் நுழைத்து வைத்திருக்கிறார்கள். புரதத்தில் எந்தப் பகுதியை மாற்ற வேண்டுமோ, மரபணுவில் அந்தச் சின்னப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்துவிட்டு வேறு துண்டைப் பொருத்தலாம். யு-சி ஜோடியில் லியூசினுக்குப் பல சொற்கள் இருந்ததால் தடுமாறியவர்கள், இருபது வருடம் கழித்து அதே பன்மையைத் தங்களுக்கு வசதியாகத் திருப்பிக்கொண்டார்கள்.